நடந்தே போக வேண்டிய ஊர்



ரீயூனியன் தீவின் பள்ளத்தாக்குகளிலும் எரிமலையிலும் நடந்து எடுத்த படங்கள் இந்த இதழின் நடுப்பக்கங்களில் வருகின்றன. சென்ற இதழில் இதற்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டுச் சாயல்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் உடனே கடிதம் போட்டிருந்தார். “குன்று என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒன்று இல்லாத தாலுகா நம்முடையது. கடலாடியிலிருந்து வருகிற பத்திரிகைக்கு மலையேற்றம் எதற்கு? அந்த இடத்தில் கண்மாய் மராமத்தைப் பற்றி எழுதலாமே” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கண்மாயைப் பற்றி இந்த இதழிலும் கட்டுரை உண்டு, அடுத்த இதழிலும் இருக்கும். மலை எதற்கு என்பதற்கு மட்டும் இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறேன்.

நம் மண் தட்டையானதுதான். கடலாடியிலிருந்து எந்தத் திசையில் பார்த்தாலும் கண் போய் நிற்பது பனங்கூட்டத்தில், இல்லையென்றால் சீமைக்கருவேலப் புதரில். மேடு என்றால் நமக்குக் கண்மாய்க் கரை. கடற்கரைப் பக்கம் போனால் செம்மண் தேரி. ராமேசுவரம் தீவிலேயே உயர்ந்த இடமான கந்தமாதன பர்வதம், பேரில்தான் பர்வதம், காலுக்கு மணல்மேடு. உயரம் ஏறுவதைத் தொழிலாகச் செய்த மனிதர் என்று நம் ஊரில் யாரையாவது காட்ட வேண்டுமானால் பனையேறியைத்தான் காட்ட முடியும்.

ஆனால் நடையில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறோம். அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுகிறோம். இவை தவிர வேறொரு நடையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டம் போட்ட வெள்ளைக்காரர்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டபோது, பாம்பன், தொண்டி போன்ற நம் துறைகளிலிருந்து தோணி ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கிய ஜனங்கள், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் நடந்தார்கள். குடிதண்ணீர் இல்லாத காடு. காலராவும் மலேரியாவும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. மலையே பார்த்திராத ராமநாதபுரத்துச் சமவெளிக்காரர்கள்தான் அந்த மலைநாட்டுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்கள். மலை நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று என்னால் எழுத முடியாததற்கு இதுவே காரணம்.

இனி ரீயூனியனுக்கு வருகிறேன்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் தீவு அது. மொரீஷியஸிலிருந்து விமானத்தில் முக்கால் மணி நேரம். பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆளப்படுகிறது. பணம் யூரோ, பள்ளிக்கூடம் பிரெஞ்சு, வீட்டுப் பேச்சு கிரியோல். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர், நம் ராமநாதபுரம் மாவட்டத்தை விடச் சிறியது. அந்தச் சின்ன இடத்துக்குள் 3,070 மீட்டருக்கு ஒரு சிகரம் எழுந்து நிற்கிறது. தென்னிந்தியாவின் உயரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். பிட்டோன் தே நேஜ் என்ற அந்தச் சிகரம் ஒரு பழைய எரிமலை. பல்லாயிரம் ஆண்டுகளாக அது எரியவில்லை. அதன் விலாப்பகுதிகள் சரிந்தும் மழையில் அரிக்கப்பட்டும் சுற்றிலும் மூன்று மாபெரும் பள்ளங்கள் உண்டாகியிருக்கின்றன: மஃபாத், சலசி, சிலாவோஸ். நாலாபுறமும் ஆயிரம் மீட்டர் வரை செங்குத்தாக எழும் பாறைச் சுவர்கள், அடியில் ஆறு, நடுவே கத்தி விளிம்பாக மலைமுதுகுகள். 2010இல் யுனெஸ்கோ இந்தச் சிகரங்களையும் பள்ளங்களையும் பாறைச் சுவர்களையும் உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மூன்றில் சலசிக்கும் சிலாவோஸுக்கும் சாலை உண்டு. சிலாவோஸ் சாலையில் நானூறு வளைவு என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டரில் போக வேண்டும். உள்ளே சிறுசிறு குடியிருப்புகளில் எழுநூறு எண்ணூறு பேர் வாழ்கிறார்கள். அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், சிமென்ட் எல்லாம் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன; குப்பையும் அதே வழியில் வெளியே போகிறது. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. தபால்காரர் முதுகில் பையோடு பல நாள் நடந்து கடிதம் கொடுத்த ஊர் அது. ஒரு பெரிய ஐரோப்பிய நாட்டின் ஆட்சிக்குள், இந்தக் காலத்தில், கடிதம் கால்நடையாகப் போய்ச் சேர்ந்த ஊர் இருந்தது என்பதை நேரில் பார்க்கும்வரை நான் முழுதாக நம்பவில்லை.

நாங்கள் சலசிப் பக்கம் கோல் தே பஃப் என்ற கணவாயிலிருந்து இறங்கினோம். லா நூவெல் என்ற குடியிருப்புக்கு இரண்டு மணி நேர நடை. விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம் மாதிரி. காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கடலிலிருந்து மேகம் ஏறி வந்து பள்ளத்தை மூடிவிடும். பிறகு முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியாது. பாதையில் மரக்கட்டைகளைக் குறுக்கே பதித்துப் படி கட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தில் மூச்சுதான் வாங்கும், அதைச் சமாளித்துவிடலாம். இறக்கத்தில் முழங்கால் பேசத் தொடங்குகிறது. படம் எடுக்க வந்த எங்கள் புகைப்படத் தம்பி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான்.

“அண்ணே, நம்ம கம்மாக் கரையில இறங்குறப்ப காலு நம்ம பேச்சக் கேக்கும். இங்க அது பேச்ச நாம கேக்க வேண்டியிருக்கு” என்றான்.

பையைக் கழற்றி வைக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அரை மணி நேரம் கழித்துக் கிளம்பினோம். அந்த அரை மணி நேரத்தில் எங்களைக் கடந்து போனவர்களில் ஒரு பாட்டியும் இருந்தார். சாமான் பையும் குடையுமாக வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நமக்கு மலையேற்றம், அவருக்கு அது சந்தைக்குப் போய் வரும் வழி.

அந்த வழியை முதலில் போட்டது யார் என்று தெரிந்த பிறகு மஃபாத்தை வெறும் அழகான இடமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தீவில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் பிடித்து வந்த அடிமைகள் அவற்றில் உழைத்தார்கள். தப்பி ஓடியவர்கள் கடற்கரையில் ஒளிய முடியாது. அதனால் மேலே, மேலே, யாரும் ஏறத் துணியாத பள்ளங்களுக்குள் போனார்கள். மஃபாத் என்பதே அப்படித் தப்பிய கூட்டத்தின் தலைவர் ஒருவரின் பெயர். அவர்களை வேட்டையாடக் கூலிப்படைகள் ஏவப்பட்டன, துப்பாக்கியோடு அதே பாறைகளில் ஏறின. ஓடியவர்களின் காலும் துரத்தியவர்களின் காலும் சேர்ந்து மிதித்த தடங்களில் பல, இன்று வெள்ளையும் சிவப்புமாகக் கோடு போட்ட நடைபாதைகள். வருஷந்தோறும் அக்டோபரில் தீவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மலைகளின் மேலேயே ஓடும் ‘கிராண்ட் ரெய்ட்’ பந்தயம் நடக்கிறது. நூற்றறுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். மஃபாத்துக்குள்ளும் அந்தப் பந்தயம் போகிறது. பதக்கத்துக்காக ஓடுகிறவர்கள் உயிருக்காக ஓடியவர்களின் தடத்தில் ஓடுகிறார்கள். ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து ஓட வேண்டும் என்கிறேன்.

1848 டிசம்பர் 20ஆம் தேதி ரீயூனியனில் அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பவும் கரும்புத் தோட்டத்துக்குப் போக விரும்பவில்லை, எப்படி விரும்புவார்கள்? முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மவர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டார்கள். 1860இல் பிரிட்டிஷ் அரசும் பிரெஞ்சு அரசும் உடன்படிக்கை செய்துகொண்டு பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தன. அங்கே கூலிகள் படும் பாட்டைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. அதற்குள் பல்லாயிரம் பேர் போய்விட்டிருந்தார்கள்.

தலைநகர் சான் தெனிக்கும் மேற்கே லா பொசெசியோன் என்ற ஊருக்கும் இடையே கருங்கல் பாவிய பழைய மலைப்பாதை ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் போட்டது. 1810இல் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படை இந்தப் பக்கம் இறங்கியதால் ஆங்கிலேயர் பாதை என்று இன்றும் அழைக்கிறார்கள். எரிமலைக் கல்லைச் சதுரமும் வட்டமுமாகப் பதித்து, ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் பாதை. நடுவில் ஓர் ஓடைப் பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடத்தில் இறங்குகிறது. அந்த இடத்தின் பெயர் லா கிராந்த் ஷலூப். அங்கே கல் கட்டடங்கள் நிற்கின்றன. 1860களில் கப்பலில் வந்து இறங்கிய கூலிகளை ஊருக்குள் விடாமல் நோய் பார்த்து அடைத்துவைத்த தனிமை முகாம் அது. பக்கத்தில் இடுகாடு. இப்போது கட்டடத்தைப் பழுது பார்த்துக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டடத்தின் முன் நின்றபோது எனக்கு மண்டபம் முகாம்தான் நினைவில் இருந்தது. நம் ராமநாதபுரம் கரையில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை அடைத்துவைத்து, மருந்து தெளித்து, அம்மை குத்தி, பிறகு அனுப்பிய இடம். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் ஜனம் காட்டில் நடக்கவில்லை. ரயிலில் வந்து, மண்டபத்தில் காத்திருந்து, கப்பலேறிப் போனது. தோட்டத்தின் பெயரும் எண்ணும் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி அனுப்பிய காலமும் உண்டு. பின்னாளில் இலங்கைப் போரில் தப்பி வந்தவர்களையும் அதே மண்டபம் முகாம்தான் வாங்கிக்கொண்டது. ஒரு கரையில் லா கிராந்த் ஷலூப், இன்னொரு கரையில் மண்டபம். நடுவில் ஒரே கடல். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் முகாமைக் காட்சிக்கூடமாக்கி, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுகிறார்கள். மண்டபம் வழியாகக் கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களின் கதையைச் சொல்ல அப்படி ஓர் அறையாவது நம்மிடம் வேண்டும். இதை நான் ஆசையாகச் சொல்லவில்லை, கோரிக்கையாகவே வைக்கிறேன்.

ரீயூனியனுக்குப் போன தமிழர்களின் வாரிசுகள் இன்று தீவின் எல்லாத் துறைகளிலும் இருக்கிறார்கள். ஆல்பெர்ட் ராமசாமி பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவையில் உறுப்பினராக இருந்தவர். கரும்பாலைகளின் பக்கத்தில் தொடங்கிய சிறு கோயில்கள் இப்போது கோபுரத்தோடு நிற்கின்றன. தீமிதி நடக்கிறது, காவடி எடுக்கிறார்கள், தீபாவளிக்குச் சான்த் ஆந்த்ரே நகரமே தெருவில் இறங்குகிறது. திரௌபதை கதையை ராத்திரி முழுக்க ஆடும் கூத்தையும் அவர்கள் பல தலைமுறை காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அந்த ஊர்க் கோயிலில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். தமிழ் பேச வரவில்லை. ஆனால் மாரியம்மன் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடினார். எந்த ஊரிலிருந்து அவருடைய முப்பாட்டன் வந்தார் என்று கேட்டேன். “கடல்” என்று மட்டும் கை காட்டினார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி இருக்கவில்லை.

எரிமலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தம்பி என்னை மன்னிக்கமாட்டான்; நடுப்பக்கப் படங்களில் பாதி அதுதான்.

தீவின் தென்கிழக்கில் இருக்கிறது பிட்டோன் த ல ஃபூர்னேஸ். உயரம் 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவுக்கு ஐந்து மீட்டர் குறைவு. உலகத்தில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளில் ஒன்று. சராசரியாக வருஷத்துக்கு ஒரு முறையாவது பொங்குகிறது என்று சொல்லலாம். ஆனாலும் மக்கள் அதைக் கண்டு ஊரைக் காலி செய்து ஓடுவதில்லை. கார் எடுத்துக்கொண்டு பார்க்கப் போகிறார்கள். காரணம், இது வெடித்துச் சிதறும் ரகம் இல்லை, பெரும்பாலும் வழிந்து ஓடும் ரகம். குழம்பு இளக்கமாக இருப்பதால் வாயு எளிதில் வெளியேறிவிடுகிறது. அடைபட்டு வெடிக்க வேண்டிய அவசியம் குறைவு. வழிவதும் பெரும்பாலும் குதிரைலாட வடிவில் சுவர் எடுத்த ஒரு பெரிய அடைப்புக்குள்ளேயே வழிந்து, ஆளில்லாத சரிவில் இறங்கிக் கடலில் விழுகிறது.

எப்போதும் அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. 1977 ஏப்ரலில் அடைப்புக்கு வெளியே வாய் திறந்து, சான்த் ரோஸ் பகுதியில் ஒரு கிராமத்துக்குள் இறங்கியது. வீடுகள் எரிந்தன. மாதா கோயிலின் வாசலுக்கு வந்த குழம்பு இரண்டாகப் பிரிந்து சுற்றிப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை. அந்தக் கோயிலை இப்போது எரிகுழம்பு மாதா கோயில் என்றே அழைக்கிறார்கள். படிக்கட்டுக்கு இருபுறமும் உறைந்த கருங்குழம்பு அப்படியே நிற்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் எரிமலையைக் கண்காணிக்க நிரந்தர ஆய்வகம் அமைத்தார்கள். 2007 ஏப்ரலில் வந்தது இன்னும் பெரியது. அடியிலிருந்த குழம்பு சரிவின் கீழ்ப்பகுதியில் வெளியேறிக் கடலோரச் சாலையை மூடிக் கடலுக்குள் போக, மேலே தொலோமியூ என்ற உச்சிப் பள்ளம் தாங்க ஆளில்லாமல் முந்நூறு மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது.

அங்கே போகும் சாலையே ஒரு பாடம். பசும்புல், மாட்டுப் பண்ணை, குளிர்க்காடு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு வளைவில் எல்லாம் நின்று, புல்லில்லாத செம்பழுப்பு மணல்வெளி விரிகிறது. அதைத் தாண்டி பா த பெல்கோம்ப் என்ற விளிம்பு. அங்கே ஒரு கதவு இருக்கிறது. ஆய்வகம் எச்சரிக்கை விடுத்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள்; எவ்வளவு தூரத்திலிருந்து வந்தவராக இருந்தாலும் திரும்ப வேண்டியதுதான். திறந்திருந்தால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி எரிமலையின் தரையைத் தொடலாம். அதன் பிறகு பாதை என்று ஒன்றில்லை. பாறையில் சிறு இடைவெளிக்கு ஒன்றாக அடித்த வெள்ளைப் பெயின்ட் குறிகள்தான் வழி. மூட்டம் இறங்கினால் அந்தக் குறியை விட்டு ஓரடிகூட நகரக் கூடாது. குழம்பு சில இடத்தில் முறுக்குப் பிழிந்து வைத்ததுபோலச் சுருள் சுருளாக உறைந்திருக்கிறது. சில இடத்தில் உடைந்து கூர்கூராக, தொட்டால் கையைக் கிழிக்கும். உச்சி விளிம்புக்குப் போய் வர ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆடி மாதக் காலையில் உறைபனி வரை போகும் குளிர். பகலில் கறுப்புப் பாறை காய்ந்து தரையிலிருந்து சூடு அடிக்கும். நிழலும் இல்லை, நீரும் இல்லை.

நிலவியல் அறிஞர்கள் சொல்லும் ஒரு செய்தி அங்கே நடக்கும்போது எனக்குத் துணையாக இருந்தது. பூமியின் உள்ளே, அந்தத் தீவின் அடியில், நெடுங்காலமாக ஒரே இடத்தில் சூடு கிளம்பிக்கொண்டிருக்கிறது. மேலே நிலத்தட்டுகள் நகர்ந்து போகின்றன. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சூட்டின் மேலே இருந்தது நம் இந்தியா. அப்போது வழிந்து அடுக்கடுக்காக உறைந்ததுதான் மகாராஷ்டிரத்தையும் சுற்றுப்புறங்களையும் மூடியிருக்கும் தக்காணக் கருங்கல். அஜந்தாவையும் எல்லோராவையும் குடைந்தது அந்தக் கல்லில்தான். இந்தியா வடக்கே நகர நகர, அதே சூடு லட்சத்தீவு, மாலத்தீவுகளின் அடித்தளத்தையும், பிறகு மொரீஷியஸையும், கடைசியாக ரீயூனியனையும் எழுப்பியிருக்கிறது.

ஆகவே விமானச் செலவுக்கு வழியில்லாத வாசகர் வருத்தப்பட வேண்டாம். ரயிலேறி நாசிக் பக்கம் போனால் பண்டாரதரா அருகே சாம்ரத் என்ற கிராமத்தில் சாந்தண் பள்ளத்தாக்கு இருக்கிறது. தக்காணக் கருங்கல் பிளந்து உண்டான குறுகிய, ஆழமான பிளவு. பல இடங்களில் அடித்தரைக்கு வெயில் இறங்குவதே அபூர்வம். மகாராஷ்டிரத்தின் உயரமான களசூபாய் சிகரமும் பக்கத்தில்தான். மழைக்காலத்தில் மட்டும் அந்தப் பிளவுக்குள் இறங்கவே கூடாது. நம் மாநிலத்துக்குள்ளேயே பார்க்க வேண்டும் என்றால் பெரம்பலூர்ப் பக்கம் காரை ஓடைகள் உண்டு. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பழைய கடல்தரை மழையில் அரிபட்டு உண்டான செம்பள்ளங்கள். கடற்புற மக்களான நமக்கு, உள்நாட்டில் நின்றுகொண்டு பழைய கடலின் அடியைப் பார்க்கிற அனுபவம் தனி. இந்தியாவில் இன்றும் பொங்கும் எரிமலை அந்தமானில் பாரன் தீவு ஒன்றுதான்.

இளைஞர்களிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்கில் வரும் ஆபத்து தலைக்கு மேலிருக்கும் மேகத்திலிருந்து வருவதில்லை. பல மைல் தள்ளி, மேலே பெய்யும் மழையிலிருந்து வருகிறது. நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நிமிஷத்தில் ஓடை ஆறாகிவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் அப்படித் திடீர் வெள்ளம் வந்து சாமி கும்பிடப் போனவர்கள் உயிரிழந்தார்கள். ரீயூனியனில் 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது ஃபோக் ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவானது, உலகச் சாதனை. நம் மாவட்டத்தில் இரண்டு வருஷம் பெய்யும் மழையை விட அது அதிகம். அதனால்தான் அங்கே வானிலை எச்சரிக்கை வந்தால் நடைபாதைகளை மூடிவிடுகிறார்கள், மக்களும் அதை மதிக்கிறார்கள்.

நம்மிடம் அந்த மதிப்பு இன்னும் வரவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன இளம்பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் உடம்பில் தெம்பும் மனசில் ஆசையும் உள்ளவர்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் புல்மலை எப்படித் தீப்பிடிக்கும், தீ சரிவில் எந்தப் பக்கம் ஓடும் என்பது அந்த மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்காமல், அவர்கள் கூட வராமல் மலைக்குள் போகக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடும் உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டிகளோடும் திறந்தது. நல்ல ஏற்பாடு. வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் மலையில் இருக்கிற குடும்பத்துக்குப் போகிறது, தீ மாதங்களில் பாதையை மூடவும் செய்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் தொடங்குவதற்கு அதுவே சரியான வாசல். நண்பனின் நண்பன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ‘யாருக்கும் தெரியாத ஸ்பாட்’டுக்குக் கிளம்ப வேண்டாம். யாருக்கும் தெரியாத இடத்தில் விழுந்தால் தேடி வரவும் யாருக்கும் தெரியாது.

மஃபாத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அங்கே நிலம் அரசுடையது, குடியிருப்பவர்கள் குத்தகைக்காரர்கள்தான். ஆனாலும் நடக்க வருகிறவர்கள் ராத்தங்குவது அவர்கள் நடத்தும் சிறு விடுதிகளில், சாப்பிடுவது அவர்கள் வீட்டுச் சமையலை. லா நூவெலில் எங்களுக்குக் கிடைத்தது சோறு, அவரை, கோழிக் கறி, காரமான ஒரு தக்காளித் தொக்கு. சோற்றைப் பிசைந்து சாப்பிட்ட எங்களைப் பார்த்து விடுதிக்கார அம்மாள் இன்னும் இரண்டு கரண்டி போட்டார். நடக்கிறவனின் காசு நடைபாதையின் சொந்தக்காரரிடம் போய்ச் சேரும் இந்த முறையை நம் வாலிநோக்கம், மாரியூர்க் கடற்கரைகளிலும் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர்ப் பறவைக் கண்மாய்களிலும் தொடங்கலாம். மார்கழி, தை மாதங்களில் கண்மாய்க் கரையோடு பறவை பார்த்து நடந்து, மதியம் ஒரு பனையேறிக் குடும்பத்து வீட்டில் சாப்பிட்டுத் திரும்பும் ஒரு நாள் நடைக்கு வெளியூர்க்காரர்கள் நிச்சயம் வருவார்கள். இதை எடுத்துச் செய்ய ஊராட்சியோ இளைஞர் மன்றமோ முன்வந்தால் இந்தப் பத்திரிகை கூட நிற்கும்.

கடைசியாக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். நம் பகுதியில் இலங்கைக்கோ மலாயாவுக்கோ பர்மாவுக்கோ வேறு தீவுகளுக்கோ ஆள் போகாத குடும்பம் குறைவு. தாத்தா எந்தத் துறையில் தோணி ஏறினார், எந்த வழியாக நடந்தார், எந்தத் தோட்டத்தில் சேர்ந்தார் என்பது வீட்டிலிருக்கும் மூத்தவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள். அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் கங்காணி கொடுத்த துண்டுச் சீட்டோ, மண்டபம் முகாமின் காகிதமோ, எண் பொறித்த தகர வில்லையோ இருந்தால் அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து, விவரத்தோடு நமக்கு அனுப்புங்கள். பொங்கல் மலரில் அவற்றுக்காகப் பதினாறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கார்த்திகைக் கடைசிக்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்
கடலாடி